பதினேழாவது பல்

நீங்கள் கதிரை போட்டு, பிளேன்டித் தேத்தண்ணியும் தந்து, "ராத்தா, உங்கட அனுபவத்தை எங்களுக்குச் சொல்லுங்க" என்று கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? வானத்துச் சத்தம் கேட்கிற இந்த நிலையத்தில் நான் கூட்டித் துடைத்த வருசங்களில் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் கதிரைக் கால் உடைந்தது என்று தெரிந்தே சொன்னவர்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் உங்களில் ஒருவர் கொப்பியும் பேனையுமாக இருக்கிறீர்கள். நல்லது, எழுதுங்கள். நான் சுற்றி வளைத்துத்தான் வருவேன். ஆனால் வந்து சேருவேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை கேட்பேன். அதற்காகத்தான் இவ்வளவு வெயிலில் ஓட்டோ பிடித்து வந்தேன்.

வெளியே நிற்கிற டிஷ்ஷுக்கு இப்போது மோட்டர் பூட்டிவிட்டார்கள். நீங்கள் உள்ளே இருந்து பொத்தானை அமத்தினால் அது தானாக நிமிரும், தானாகக் குனியும். என் காலத்தில் அதை நிமிர்த்தியது இந்தக் கைதான். கீழே ஒரு பெரிய இரும்புச் சக்கரம், சுற்றிவரப் பல். மேலே ஒரு இரும்பு நாக்கு. எந்தப் பல்லை நாக்குக்கு நேரே கொண்டுவருகிறோமோ, அந்த அளவுக்கு டிஷ் நிமிரும். வலம் இடம் திரும்பாது. வானம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டு வரும்போது, நமக்கு வேண்டியது முன்னால் வந்து, நின்று, கடந்து போகும். அந்த நாலைந்து நிமிசம்தான் முழு நாள் வேலை.

நான் இந்த வேலைக்கு வந்தது சண்டை முடிந்த பிறகு. அதற்கு முன்னால் கொப்பரா அடுப்பில் நின்றேன். அதற்கும் முன்னால் மன்னார். தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டு விரட்ட, வள்ளத்தில் வந்து கல்பிட்டிப் பக்கம் இறங்கினோம். அந்தக் கதையை இன்றைக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் பிளேன்டி உப்பாகிவிடும்.

டிஷ்ஷில் உப்புப் படியும். இந்தக் கண்டக்குழிக் கடற்கரைக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, தலைமயிரைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீரால் டிஷ்ஷைக் கழுவ, பல்லுக்குக் கிறீஸ் பூச, காகத்தைக் கலைக்க, கழுதை வந்து வயரைக் கடிக்காமல் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். கழுதையோடு பேச எழுத்து எதற்கு என்று நானும் வந்துவிட்டேன்.

அந்த நாளில் நம் சக்கரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சிலாபத்துச் சிங்களவர், பழைய மெக்கானிக். எல்லோருக்கும் பாஸ்தான். பெயரைக் கேட்டால் அவருக்கே யோசிக்க வேண்டியிருக்கும். எனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, மடியில் இருந்து வலை பின்னுகிற நைலோன் நூலை எடுத்தார்.

"நங்கி, இலக்கம் வாணாம். நூல் போதும். நீலம் கட்டின பல்லுக்குக் கொண்டுவந்தா வானத்தில ஒரு சாமான். சிவப்புப் பல்லுக்குக் கொண்டுவந்தா இன்னொரு சாமான்."

"நூல் அறுந்தா பாஸ்?"

"நீலத்தில இருந்து எண்ணு. பதினேழாவது பல் சிவப்பு. ஆனா கேளு, புது நூல் கட்டினா நூலை நம்பாத. ஒரு நாள் ஒரு பல் மேல வச்சுப் பாரு. அடுத்த நாள் ஒரு பல் கீழ வச்சுப் பாரு. ரெண்டு பக்கமும் சத்தம் குறைஞ்சா நடுவுல உள்ளது சரி. அந்த மூணு நாளைக்கு நூலும் பொய், நீயும் பொய்."

மேல் பல், கீழ் பல், நடுப் பல். மூன்று நாள் வேலை. இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

அடுத்தது சுதர்சினி. உடப்பு ஊர்ப் பிள்ளை. தகப்பன் கரைவலைக்காரர். பல்கலைக்கழகம் முடித்து ஆராய்ச்சிக்கென்று நம் நிலையத்துக்கு வந்தாள். என்னை விட முப்பது வயசு குறைவு. ஆனால் இந்த வானத்து வேலை என்னவென்று எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். மற்றவர்கள் "கழுவுங்க ராத்தா" என்று மட்டும் சொன்னார்கள். எதற்குக் கழுவுகிறேன் என்று சொன்னவள் அவள் ஒருத்தி.

"ராத்தா, அங்க ஒரு கறுத்த முகில் இருக்கு. அதுக்குள்ள புதுசா ஒரு நட்சத்திரம் சூடேறிக்கிட்டு இருக்கு. அதைச் சுத்தி ஒரே தூசி. தூசி சூடாகி ஒரு ஒளி விடும், அகச்சிவப்பு எண்டு பேர். கண்ணுக்குத் தெரியாது. எங்கட டிஷ்ஷுக்கும் தெரியாது."

"தெரியாததை என்னத்துக்குப் புள்ள பாக்கிறீங்க?"

"அதுதான் விளையாட்டு. முகிலுக்குள்ள மெதனோல் எண்டு ஒரு சாமான் இருக்கு. அது அந்த ஒளியைக் குடிச்சிட்டு ரேடியோ மாதிரிக் கத்தும். அந்தச் சத்தம் எங்கட டிஷ்ஷுக்குக் கேக்கும். சத்தம் கூடினா உள்ளுக்கு வெப்பம் கூடுது. குறைஞ்சா வெப்பம் குறையுது."

"மெதனோல் எண்டா?"

"கசிப்புச் சாராயத்தில கலந்து ஆக்களைச் சாகடிக்குமே, அந்தச் சாமான்."

"அல்லாஹ்வே! வானத்திலயும் கசிப்பா?"

அவள் சிரித்த சிரிப்பில் காகமெல்லாம் எழும்பிப் போனது. அன்றைக்குக் கலைக்கிற வேலை எனக்கு மிச்சம்.

ஆனால் விசயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. கொப்பரா அடுப்பில் நின்றவளுக்கு இது விளங்காதா? கீழே சிரட்டைத் தீ மூடிக் கிடக்கும். குனிந்து பார்க்க முடியாது, பார்த்தால் கண் போய்விடும். மேலே அடுக்கியிருக்கிற தேங்காய்ப் பாதியைத்தான் பார்ப்போம். அதில் நீர் முத்து முத்தாக நின்றால் தீ அளவு. ஓரம் மஞ்சளானால் தீ கூடிவிட்டது. தேங்காய் தான் பட்டதைச் சொல்லும், நாம் தீயை அறிவோம். இதைச் சொன்னதும் சுதர்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராத்தா, என்ட புத்தகத்தில முதல் பக்கத்தில இதைத்தான் எழுதப்போறேன்" என்றாள்.

புத்தகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் என் கதை.

அதற்கு முன் என் கெட்டித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பெருமைக்கு இல்லை. அந்தக் கெட்டித்தனம்தான் பிறகு குழி பறித்தது.

சத்தம் வந்தால் கணினியில் கோடு மேடாக எழும்பும். அது எவ்வளவு உயரம் என்று நான் விரலை வைத்து அளப்பேன். சிவப்பு நாலு விரல். நீலம் மூன்று விரல், அது மாறாத சாமான். கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நீலம், உண்மையான வேலைக்குச் சிவப்பு. ஒருநாள் இரண்டும் வருகிற நேரத்துக்கு இடையில் புதிதாக ஒரு மேடு வந்தது. பெரிய சேருக்குத் தலைகால் தெரியவில்லை. பெரிய சேர் என்றால் அன்றைக்கு நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். புதுச் சாமான் கண்டுபிடித்துவிட்டோம் என்று கொழும்புக்கு ரெலிபோன் எடுக்கப் போனார். ஆறு நாளாகப் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நான் அவரை மறித்துச் சொன்னேன்.

"சேர், இது வானத்தில இருந்து வாறதில்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும் ராத்தா?"

"வானத்துச் சாமான் ஒவ்வொரு நாளும் நாலு நிமிசம் முந்தி வரும் எண்டு சுதர்சினி சொன்னா. நீலமும் முந்துது, சிவப்பும் முந்துது. இது மட்டும் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிய, கடிகாரம் பார்த்து வாற கவர்மெண்ட் உத்தியோகத்தன் மாதிரி வருது."

விசாரித்தால், பக்கத்து விடுதியில் புதிதாக இன்ரநெற் கருவி ஒன்று பூட்டியிருக்கிறார்கள். காற்றாடி கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் கரையேறுகிற நேரத்துக்கு அதை இயக்குவார்களாம். அன்றைக்குச் சேர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ராத்தா சொன்னா அது சரி. செக் பண்ணத் தேவையில்ல."

பிள்ளைகள், ஒரு ஆளைப் பற்றி அப்படிச் சொல்லாதீர்கள். நல்ல ஆளாக இருந்தால் இன்னும் சொல்லாதீர்கள்.

சேரிடம் ஒரு சட்டமும் இருந்தது. சக்கரத்தில் கை வைத்தால், வயரில் கை வைத்தால், லொக் புத்தகம் என்கிற பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதாமல் தொட்டால் வேலை இல்லை. எனக்கு முந்தி இருந்த காவல்காரர் ஒரு வயரை நகர்த்திவிட்டு எழுதாமல் விட்டதற்கு, அன்று பின்னேரமே பையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு எழுதத் தெரியாதே. அதனால் ஏதாவது தொட்டால் பாஸிடம் சொல்வேன், அவர் எழுதுவார். பாஸ் ஓய்வெடுத்துச் சிலாபம் போன பிறகு சுதர்சினியிடம் சொல்வேன். ஒவ்வொரு தரமும் "புள்ள, இதைக் கொஞ்சம் எழுதிவிடுங்க" என்று போய் நிற்க ஒரு மாதிரித்தான் இருக்கும். சிறிய சிறிய விசயங்களைச் சொல்லாமல் விடப் பழகிவிட்டேன். ஒரு துளி கிறீஸ், ஒரு திருகாணி. இதற்கெல்லாம் ஒரு ஆளைக் கூப்பிட வேண்டுமா?

ஒருநாள் காலை. சுதர்சினி ஊருக்குப் போயிருந்தாள், சேர் கொழும்பில். நான் மண்ணெண்ணெய்த் துணியால் பல்லில் இருந்த துருவை உரசிக்கொண்டிருந்தேன். சிவப்பு நூல் உக்கிப்போயிருந்தது, கையோடு வந்துவிட்டது. பரவாயில்லை, மடியில் புது நூல் இருந்தது. நீலத்தில் இருந்து எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தோ பதினொன்றோ போகும்போது போன் அடித்தது.

சிலாபம் ஆஸ்பத்திரியில் இருந்து மருமகன்.

"மாமி! பொம்புளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. என் மகளுக்குக் கலியாணமாகி ஒன்பது வருசம் வயிறு திறக்கவில்லை. ஒரு கையில் போன், மற்றக் கை பல்லில். "ஆரைப் போல இருக்கா? மயிர் இருக்கா? பாங்கு சொன்னீங்களா காதில?" என்று கேட்டுக்கொண்டே மிச்சத்தை எண்ணினேன். கட்டினேன். இறுக்கிக் கட்டினேன். கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பிழை பயத்தில் வரும், அவசரத்தில் வரும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சந்தோசத்திலும் வரும். சந்தோசத்தில் வருகிற பிழையைத்தான் நாம் தேடிப் பார்ப்பதில்லை. அந்த நாளை நினைத்தால் பிள்ளையின் முகம்தான் முன்னுக்கு வரும், பல் வராது.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் நின்றேன். அந்த ஐந்து நாளும் சக்கரம் சுற்ற ஆள் இல்லை. டிஷ் சும்மா கிடந்தது. நான் திரும்பி வந்து, நீலத்துக்கு வைத்தேன். மூன்று விரல். சிவப்புக்கு வைத்தேன். இரண்டு விரல்.

சுதர்சினி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். அடுத்த நாளும் இரண்டு விரல். அடுத்த நாளும்.

"ராத்தா, நீலம் சரியா இருக்கு. அப்ப கருவியில பிழை இல்ல. முகிலுக்குள்ள வெப்பம் விழுந்திட்டு! ஐஞ்சு நாளுக்குள்ள பாதி! இப்பிடி விழுறதை யாரும் லேசில கண்டதில்ல."

அவளுக்கு அந்த நேரம் வெளிநாட்டில் ஒரு இடம் கிடைப்பதாக இருந்தது. பெரிய டிஷ் வைத்திருக்கிற ஒரு பல்கலைக்கழகம். சொந்தமாக ஒரு நல்ல விசயத்தைக் கண்டு காட்டினால் எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். உடப்பில் இருந்து அப்படி ஒரு பிள்ளை போனதில்லை. தகப்பன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆனால் அவள் கவனமான பிள்ளை. சேரிடம் போனாள். நானும் அங்கே தேத்தண்ணிக் கோப்பை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"சேர், அறிவிக்க முந்தி மேல் பல், கீழ் பல் வச்சுப் பாப்போம். மூணு நாள் தாங்க."

"மூணு நாளா? சாமான் இப்ப விழுந்துகொண்டிருக்கு. நடுவில ரெண்டு நாள் அளவு இல்லாமப் போனா அவங்க கேக்க மாட்டாங்களா? நூல் அசையாட்டி எதுக்குச் செக்? ராத்தாவையே கேளும்."

சுதர்சினி என் பக்கம் திரும்பினாள்.

"ராத்தா, நூலில கை வச்சீங்களா?"

மேசையில் லொக் புத்தகம் திறந்து கிடந்தது. சேர் பேனையின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் காவல்காரரின் பை நினைவுக்கு வந்தது. பிறந்த பிள்ளைக்கு நான்தான் பால்மா வாங்குவதாகச் சொல்லியிருந்தேன். பல்லை எண்ணியது சரி என்றுதான் என் மனதிலும் இருந்தது. சரியாகக் கட்டிய நூலுக்கு எதற்கு வீண் பேச்சு? இப்படியெல்லாம் ஒரு மூச்சுக்குள் யோசிக்கலாம், பிள்ளைகள். யோசித்துப் பார்த்தால் அது யோசனை இல்லை, பயம்தான்.

"இல்ல" என்றேன்.

"பாத்தீரா?" என்றார் சேர். "முடிஞ்சுது."

மூன்று நாள் வேலையை என் ஒரு சொல்லில் முடித்தார்கள். நானும் முடிக்க விட்டேன்.

அவள் எழுதி அனுப்பினாள். நாற்பத்தொரு நாள் ஒவ்வொரு நாளும் அளந்து, ஒவ்வொரு எண்ணாகப் புத்தகத்தில் ஏற்றினாள். நான் ஒவ்வொரு நாளும் அந்தச் சிவப்பு நூலை நாக்குக்கு நேரே கொண்டுவந்து வைத்தேன். பிறகு பெரிய டிஷ்காரர்கள் தங்கள் டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்துப் பதில் போட்டார்கள். அந்தச் சாமான் விழவில்லை. எப்போதும் இருந்தபடியே இருக்கிறது. உங்கள் அளவை மீண்டும் பாருங்கள். அவ்வளவுதான் கடிதம். இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு வந்த கடிதத்தில் அதுவும் வந்தது, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்று.

பதில் வந்த அன்றைக்கு நான் நேரே சக்கரத்துக்குப் போனேன். நீலத்தில் இருந்து எண்ணினேன். போன் இல்லை, சந்தோசம் இல்லை, ஒருவரும் இல்லை.

பதினாறு.

திரும்ப எண்ணினேன். பதினாறு. பல்லை எச்சிலால் துடைத்துவிட்டு எண்ணினேன். எச்சில் பட்டால் பல் கூடுமா?

உள்ளே சுதர்சினி தன் கணக்கையெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கே பிழைத்தேன், எங்கே பிழைத்தேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவுக்கும் சக்கரத்துக்கும் இடையில் பத்து எட்டு நடைகூட இருக்காது. நான் அந்தப் பத்து எட்டை நடக்கவில்லை. மன்னாரில் இருந்து கல்பிட்டி வரைக்கும் கைக்குழந்தையோடு கடலால் வந்தவள் நான்.

அவள் நிலையத்தை விட்டுப் போகிற நாள் வந்தது. பின்னேரம் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு, சக்கரத்தடிக்கு வந்தாள். ஒவ்வொரு நூலாக விரலால் தடவிக்கொண்டு வந்தாள். நீலம் வெளிறிச் சாம்பலாகக் கிடந்தது, உப்பேறிச் சொரசொரவென்று இருந்தது. சிவப்பில் விரல் வந்து நின்றது. அது வெளிறாமல் செவ்வரத்தம் பூ மாதிரி இருந்தது.

"ராத்தா."

"என்ன புள்ள?"

"இந்த நூலை ஆரும் மாத்தினாங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல புள்ள" என்றேன்.

நூலில் இருந்து விரலை எடுத்தாள். காற்று இரைந்துகொண்டு இருந்தது. பிறகு பையில் இருந்து ஒரு பொட்டலம் எடுத்துத் தந்தாள். சிலாபத்தில் வாங்கிய சின்னச் சட்டை, கழுத்தில் பூ வைத்தது.

"பேத்திக்கு. வந்து பாக்கேலாமப் போச்சு" என்றாள். போய்விட்டாள்.

அந்தச் சட்டை அலுமாரியில் இருக்கிறது. பேத்திக்கு ஒருநாளும் போட்டுவிடவில்லை. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு எழுதக் காட்டித் தருகிறேன் என்கிறாள். அவளுக்கு எத்தனை வயசோ, என் பொய்க்கும் அத்தனை வயசு. ஒரே மாசத்தில் பிறந்தவை.

இன்னும் முடியவில்லை. இதற்குப் பிறகு செய்ததுதான் மோசம்.

அவள் போன அடுத்த நாள், ஒருவரும் பார்க்காத நேரத்தில் நூலை அவிழ்த்து ஒரு பல் தள்ளிக் கட்டினேன். பதினேழு. பிழையைத் திருத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். சாமான் சரியாகிவிட்டால் பாதிப் பாவமாவது குறையும் என்று நினைத்தேன். அன்றைக்குச் சிவப்பு நாலு விரல் எழும்பியது. சேர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா? ஆள் போனதும் சரியாகிட்டு. அப்ப எங்க பிழை இருந்தது? அவட கணக்கில."

கேட்டீர்களா? அதுவரை அவளில் பிழை இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்காமல் கையால் திருத்தினேன். அந்தத் திருத்தம் போய் அவள் தலையில் முத்திரை குத்தியது. எங்கு ஆராய்ச்சிக்குக் கேட்டாலும் சேரிடம் விசாரிப்பார்களே, சேர் இதைத்தான் சொன்னாராம். சொல்லாமல் திருத்துகிறவன் பிழையை அழிப்பதில்லை, பிள்ளைகள். அதைப் பக்கத்து ஆளின் பெயருக்கு மாற்றி வைக்கிறான்.

சேர் இடம் மாறிப் போனார். எனக்கும் ஓய்வு வந்தது. மாலை போட்டு, கேக் வெட்டி, "ஒரு பிழையும் விடாத ராத்தா" என்று ஒருவர் பேசினார். கேக்கைக் கடிக்காமல் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். அடுத்த கிழமை பஸ் ஏறி உடப்புக்குப் போனேன்.

வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாசல் முழுக்க வலை காய்ந்தது. சுதர்சினி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். முன்னால் கொப்பிகளைக் குவித்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்க ராத்தா, இருங்க" என்று கதிரையைத் தள்ளினாள். உடையாத கதிரை.

நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். போன் அடித்தது, பதினாறு, பயம், பிறகு தள்ளிக் கட்டியது. அவள் சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் ராத்தா."

"தெரியுமா?"

"நான் உங்களிட்ட ரெண்டு தரம் கேட்டேன். முதல் தரம் தெரியாமக் கேட்டேன். ரெண்டாம் தரம் தெரிஞ்சுதான் கேட்டேன்."

அப்போதுதான் கதிரையில் இருந்தேன்.

"அப்ப ஏன் புள்ள சேரிட்ட சொல்லல்ல?"

"சொல்லி? எழுத்துத் தெரியாத ஒரு மனுசி மேல பழியைப் போட்டுத் தப்பப் பாக்கிறா எண்டு சொல்லியிருப்பார். அதோட..." கொப்பி ஒன்றை மூடினாள். "நீங்க சொல்லுவீங்க எண்டு நினைச்சேன். பஸ் வாற வரைக்கும் நினைச்சேன்."

"என்னை மன்னிச்சிரு புள்ள."

அவள் சிரித்தாள். காகத்தை எழுப்பிய சிரிப்பு இல்லை இது.

"மன்னிக்கிறது லேசு ராத்தா. இப்பவே மன்னிச்சிட்டேன், போதுமா? ஆனா அந்த நாப்பத்தொரு நாள் எண் இன்னும் அந்தப் புத்தகத்தில பிழையாக் கிடக்குதே, அதை ஆர் மன்னிக்கிறது? ஒரு பல் பிசகினா எவ்வளவு குறையும் எண்டு கணக்கு இருக்கு. அதைப் போட்டுத் திருத்தினா என்ட எண் எல்லாம் சரி. நான் அளந்தது சரி. நீங்க வச்ச இடம்தான் பிழை. இதை நான் சொன்னா ஆரும் எழுத மாட்டாங்க. நீங்க சொன்னா எழுதுவாங்க."

தேத்தண்ணி தந்தாள். குடித்தேன். பேத்தியின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். "நல்ல பேர்" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் வாசல் படலையைத் திறக்கும்போதே கொப்பியைத் திறந்துவிட்டாள்.

இதுதான் பிள்ளைகள் என் அனுபவம். கெட்டித்தனம் வேண்டுமென்றால் இன்ரநெற் கருவிக் கதையை எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் உண்மைதான். ஆனால் நீங்கள் தினமும் காதில் வாங்குகிற அந்த மெதனோலைப் பாருங்கள். தான் பட்ட வெப்பம் எவ்வளவோ அவ்வளவைச் சொல்லும், கூட்டாது, குறைக்காது. விசக் கசிப்புச் சாமான் அது. அதற்கு இருந்த நேர்மை, ஐந்து நேரமும் தொழுத எனக்கு இருக்கவில்லை.

இப்போது நான் கேட்க வந்த வேலை. அந்த இரும்பு அலுமாரியில் கீழ்த் தட்டில் பழைய லொக் புத்தகங்கள் இருக்கின்றன. மூலை எலி கடித்ததை எடுங்கள். ஓம், அதுதான். சுதர்சினியின் கையெழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்தால் தெரியும், வலைக் கண் மாதிரி ஒரே அளவாக இருக்கும். எண்கள் பாதியாக விழுகிற பக்கத்தைத் திறவுங்கள். ஓரத்தில் இடம் இருக்கிறதா? எழுதுங்கள். சிவப்பு நூலை மாற்றிக் கட்டியது நான். பதினேழில் கட்டவேண்டியதைப் பதினாறில் கட்டினேன். அளந்தவளின் எண்ணில் பிழை இல்லை. அவள் போன பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் பதினேழுக்கு மாற்றியதும் நான். நூலைத் தொட்டீர்களா என்று என்னிடம் கேட்டாள், இல்லை என்றேன். பிறகும் கேட்டாள். பிறகும் இல்லை என்றேன்.

பெருவிரலுக்கு மை தாருங்கள். இந்த இடமா? சரி.

இப்போது எனக்கு வாசித்துக் காட்டுங்கள். மெதுவாக. அந்த இரண்டு 'இல்லை'யும் விடுபடாமல் இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்க்க வேண்டும்.